இப்போ எந்த ஆபீஸ்?

சென்னை உயர் நீதிமன்றத்து ஃபைலிங் செக்‌ஷன் பக்கம் எனக்குத் தெரிந்த குமாஸ்தா ஒருவர் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். 2009-ல் நான் வக்கீலாக என்ரோல் ஆகி, தம்புச்செட்டித் தெருவில் ஒரு சிவில் ஆபீஸில் ஜூனியராகச் சேர்ந்தபோது, குறை சொல்லி ரிட்டர்ன் ஆன வழக்குக் கட்டைச் சரிசெய்து மறுபடி எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்தவர் அவர்தான். வேறொரு ஆபீஸின் குமாஸ்தா. எனக்குச் சொல்லித்தர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. "எந்த ஆபீஸ்மா?" என்று கேட்டார். சீனியர் பெயரைச் சொன்னேன். "நல்ல ஆபீஸ். பிளைண்ட் எழுதக் கத்துக்கலாம், விட்டுடாதீங்க" என்றார். பிளைண்ட் என்றால் சிவில் வழக்கைத் தொடங்கும் மனு.

பதினான்கு மாதத்தில் விட்டுவிட்டேன். அடுத்த முறை அவரைப் பார்த்தபோது என் கையில் வேறொரு ஆபீஸின் ரிட் மனு இருந்தது. "இப்போ எந்த ஆபீஸ்மா?" என்றார். அதற்கடுத்த முறை இன்னொரு ஆபீஸ், மறுபடியும் அதே கேள்வி. அவர் மனதில் எதையும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. கேட்டுவிட்டு, வழக்கம்போல கட்டைத் திருப்பிப் பார்த்து வக்கீல் நல நிதிக்கான வெல்ஃபேர் ஸ்டாம்ப் ஒட்டாததைச் சுட்டிக்காட்டுவார். ஆனால் அந்த 'இப்போ' என்னைத் தைத்துக்கொண்டே இருந்தது. ஒன்பது வருஷத்தில் ஐந்து இடம் மாறினேன். அந்த மாற்றங்கள் என் தொழிலை என்ன செய்தன என்று இந்த மாதம் ஒரு காரணத்துக்காக உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. அதை எழுதி வைக்கிறேன்.

வேறு தொழிலில் வேலை மாறினால் பயோடேட்டாவில் ஒரு வரி கூடும். கோர்ட்டில் நம் பயோடேட்டாவை யாரும் படிப்பதில்லை. வராண்டாதான் நம்மை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. எந்த ஆபீஸிலிருந்து வருகிறோம், யார் பக்கத்தில் நிற்கிறோம், போன வாய்தாவில் நீதிபதி கேட்ட கேள்விக்கு யார் பதில் சொன்னது என்பதெல்லாம் குமாஸ்தாக்களுக்கும் கோர்ட் ஆபீஸர்களுக்கும் எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கும் மனப்பாடம். ஒரு இடத்தில் மூன்று வருஷம் நின்றவரை "அவங்க ஆபீஸ் பொண்ணு" என்பார்கள். அந்த 'அவங்க' வந்து சேர்வதற்குள் நான் ஒவ்வொரு முறையும் இடம் மாறியிருந்தேன்.

முதல் ஆபீஸை ஏன் விட்டேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மாதம் 5,000 ரூபாய் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது கேவலமான தொகை என்றும் சொல்ல முடியாது. ஒன்றும் தராத ஆபீஸ்கள் அதே தெருவில் இருந்தன. திருவல்லிக்கேணியில் பெண்கள் விடுதிக்குச் சாப்பாட்டோடு 4,200. மீதி 800-ல் பஸ், ஜெராக்ஸ், போன், கோட்டு இஸ்திரி. கோர்ட்டில் அவசரமாக எடுக்கும் ஜெராக்ஸுக்குக் கைக்காசைப் போட்டுவிட்டு மாதக் கடைசியில் சீனியரிடம் கேட்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவேன். அப்பா விருதுநகரில் ஒரு மல்லி மண்டியில் 31 வருஷம் கணக்கு எழுதியவர். வக்கீலாகிவிட்ட மகளுக்கு மாதாமாதம் 2,000 அனுப்புவதை அவர் அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ரிட் ஆபீஸில் 9,000 தருகிறார்கள் என்று தெரிந்ததும் போய்விட்டேன். "ஏம்மா, அந்த மொதலாளி சரியில்லையா?" என்று மட்டும் கேட்டார் அப்பா. மூன்றாவது முறை மாறியபோது அதையும் கேட்கவில்லை.

முதல் ஆபீஸில் என்னோடு அதே மாதம் சேர்ந்தவர் ஒருவர் உண்டு. கடலூர்க்காரர். அவருக்கும் அதே 5,000. அவர் நின்றார், இன்னும் அங்கேதான் இருக்கிறார். இப்போது அந்த ஆபீஸின் சிவில் கட்டு முழுதும் அவர் கையில். என்னைவிட அவருக்குப் பொறுமை அதிகம் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். பொறுமைசாலிதான். அத்தோடு அவருக்குப் பெரம்பூரில் மாமா வீடு இருந்தது. வாடகை கிடையாது, இரவு எத்தனை மணிக்குப் போனாலும் சோறு இருக்கும். இளம் வக்கீல்கள் ஆபீஸ் ஆபீஸாகத் தாவுகிறார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நிதானம் இல்லை என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெரம்பூர் வீடுதான் நினைவுக்கு வரும். ஒரே ஆபீஸில் ஐந்து வருஷம் நிற்கும் ஒவ்வொரு ஜூனியருக்குப் பின்னாலும் அந்த ஐந்து வருஷத்துக்கு யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள். 2024-ல் இந்திய பார் கவுன்சில், ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் கொடுக்கும்படி பரிந்துரைத்தது. வெறும் பரிந்துரைதான். ஆனாலும் ஒரு தொகை காகிதத்தில் ஏறியதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

இப்போது அந்த 14 மாதத்தில் நான் விட்டுவந்த ஒரு வழக்கைப் பற்றிச் சொல்கிறேன். மாற்றம் என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதை இதைவிடத் தெளிவாக என்னால் காட்ட முடியாது.

பொன்னேரிப் பக்கத்து அக்கா தங்கை இருவர், இரண்டு சகோதரர்கள் மீது போட்ட பாகப்பிரிவினை வழக்கு. 2010-ல் நான்தான் பிளைண்ட்டை முதலில் எழுதினேன். சீனியர் திருத்தி நான்கு முறை எழுதவைத்தார். பூர்வீக நிலம். அம்மா முன்பே காலமாகிவிட்டார், அப்பா 2003-ல் போனார். பெண்கள் இருவருக்கும் எண்பதுகளின் தொடக்கத்திலேயே கல்யாணம் ஆகிவிட்டதால், 1989-ல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தம் அவர்களுக்கு உதவாது. அது அன்று மணமாகாத பெண்களுக்குத்தான். ஆகவே 2005-ல் நாடாளுமன்றம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மகளையும் மகனைப்போல் பிறப்பாலேயே கூட்டுரிமையாளர் ஆக்கியதை வைத்து நான்கில் ஒரு பங்கு கேட்டோம். பெரிய அக்கா ஆபீஸ் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருவார். "வேணாங்க, போட்டுக்கிட்டே வாங்க" என்றால் கேட்கமாட்டார். "பாப்பா, எங்கப்பா எங்களுக்குக் குடுக்கணும்னுதான் சொன்னாரு" என்று என்னிடம்தான் சொல்வார், சீனியரிடம் சொல்லத் தயங்கி.

வழக்கு நம்பராகி சம்மன் போன கொஞ்ச நாளில் நான் வெளியே வந்துவிட்டேன். மீதியைக் கடலூர்க்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 2014-ல் பொன்னேரி சப் கோர்ட்டில் பூர்வாங்க டிக்ரி ஆனது: ஆளுக்கு நான்கில் ஒன்று. சகோதரர்கள் அப்பீல் போனார்கள். அப்பீல் நிலுவையில் இருக்கும்போது, 2015 அக்டோபரில் பிரகாஷ் எதிர் ஃபூலாவதி வழக்கில் உச்ச நீதிமன்றம், 2005 செப்டம்பர் 9-ல் அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்கு அந்த உரிமை என்று சொல்லிவிட்டது. நம் கட்சிக்காரர்களின் அப்பா 2003-லேயே இறந்தவர். கணக்கு அப்படியே சரிந்தது. அப்பாவும் இரு மகன்களுமாக மூன்று பங்கு. அப்பாவின் மூன்றில் ஒன்றை நான்கு பிள்ளைகளும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆக, மகளுக்குப் பன்னிரண்டில் ஒன்று. நான்கில் ஒன்று பன்னிரண்டில் ஒன்றாகிப்போனது. கடலூர்க்காரர் இரண்டாம் அப்பீல் போட்டார். 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, உரிமை பிறப்பால் வருவது, அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று முந்தைய தீர்ப்பை மாற்றியது. இரண்டாம் அப்பீல் ஜெயித்தது. பங்கு மறுபடி நான்கில் ஒன்று.

அந்த அப்பீலுக்குப் பேப்பர் தயார்செய்தபோது அவர் பழைய பிளைண்ட்டின் மேலட்டையான டாக்கெட் ஷீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். "இது உங்க கையெழுத்துதானே?" என்னுடையதுதான். அப்போது நான் இன்னும் 'ழ'வைச் சுழித்து எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரே கட்டுக்குள் பத்து வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டமே நடந்து முடிந்திருக்கிறது. அதை நான் தீர்ப்பு நூல்களில் படித்தேன். அவர் தோளில் சுமந்தார். தோற்ற மாலையில் அந்த அக்காவுக்கு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சட்டம் தலைகீழானாலும் வழக்கை உயிரோடு வைத்திருக்க எந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது என்றும் தெரிந்திருந்தது. இறுதி டிக்ரிக்கு மனுப்போட்டு, கோர்ட் நியமித்த கமிஷனர் போய்ச் சங்கிலி பிடித்து அளந்தபோது வரப்பில் நின்றவரும் அவர்தான். ஒரு சிவில் வழக்கின் ஆயுள், சராசரி ஜூனியர் ஒரு ஆபீஸில் இருக்கும் காலத்தைப்போல் ஐந்து மடங்கு, பத்து மடங்கு. ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை மாறுகிறவர் வழக்குகளின் தொடக்கத்தைப் பார்ப்பார், யாரோ தொடங்கியதன் நடுவைப் பார்ப்பார். முடிவை மட்டும் பார்க்கமாட்டார். இந்தியாவில் வழக்காளியின் சிரமங்கள் டிக்ரி கிடைத்த பிறகுதான் தொடங்குகின்றன என்று பிரிவி கவுன்சில் 1872-லேயே சொன்னது. பத்து வருஷம் பிராக்டீஸ் என்று சொல்லிக்கொண்ட காலத்தில் டிக்ரியை நிறைவேற்றக் கேட்கும் எக்ஸிகியூஷன் பெட்டிஷன் (இ.பி.) ஒன்றுகூட நான் போட்டதில்லை.

இரண்டாவது ஆபீஸில் நடந்தது வேறு விதமான இழப்பு. 20 மாதம் இருந்தேன். அரசு ஊழியர்களின் சர்வீஸ் ரிட்டுகள், நிலம் எடுப்பு வழக்குகள். காலை எட்டு மணிக்கு கான்ஃபரன்ஸ், பத்தரைக்கு கோர்ட், மாலை ஆறிலிருந்து டிக்டேஷன். சீனியர் நல்லவர், கோபக்காரர். ஒரு நாள் கோபத்தில் கட்டை விசிறியடித்தார். அடுத்த வாரமே வேறிடம் பார்த்துக்கொண்டேன். நான் விலகிய எட்டாவது மாதம் அவரை சீனியர் அட்வகேட்டாக டெசிக்னேட் செய்தார்கள்.

வெளியில் இருப்பவர்களுக்கு இதன் பொருள் தெரியாது. டெசிக்னேட் ஆனவர் அதன்பின் வக்காலத்து போட முடியாது, கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கு வாங்க முடியாது, இன்னொரு வக்கீல் கூட நிற்காமல் வாதாட முடியாது. அப்படியானால் அவர் பெயரில் இருந்த நூற்றுக்கணக்கான வக்காலத்துகள் என்னாகும்? அன்று ஆபீஸில் இருக்கும் ஜூனியர்கள் பெயருக்கு மாறும். ஒரே நாளில் மூன்று பேர் ஒரு முழு ஆபீஸுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். அந்த மூவரில் ஒருவர் எனக்குப் பதிலாகச் சேர்ந்தவர். அவர் மீது எனக்குப் பொறாமை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கட்டு தலைக்கு மேலே பறந்த அன்றும் நின்றிருக்க வேண்டுமா என்று இன்றுவரை என்னால் முடிவாகச் சொல்ல முடியவில்லை. அவமானத்தைப் பொறுத்துக்கொள்வதைத் தொழிற்பயிற்சியின் ஒரு பகுதியாக யாரும் ஆக்கக் கூடாது. ஆனால் அந்தக் கோபம் என்னைப் பற்றியது அல்ல, அன்று காலை தோற்ற வழக்கைப் பற்றியது என்று புரிந்துகொள்ள எனக்கு இன்னும் ஒரு வருஷம் தேவைப்பட்டிருக்கும். அந்த ஒரு வருஷத்தை நான் கொடுக்கவில்லை.

இதில் இன்னொன்று. விலகினாலும் வக்காலத்தில் நம் பெயர் அப்படியே கிடக்கும். பல வருஷம் கழித்தும் அன்றன்றைய வழக்குப் பட்டியலான காஸ் லிஸ்ட்டில் அந்த ஆபீஸின் பழைய ரிட் அப்பீல்களுக்கு நேராக என் பெயரும் அச்சாகி வரும். எனக்குத் தெரியாத கட்டத்துக்குப் போய்விட்ட வழக்குகள். பழக்கமானவர்கள், "இன்னிக்கு உங்க மேட்டர் வருதே" என்பார்கள். விளக்கம் சொல்வேன். விளக்கம் சொல்லும் ஒவ்வொரு முறையும் "ஓ, அங்கேயும் இருந்தீங்களா?" என்பார்கள்.

மூன்றாவது இடம் எழும்பூர் கிரிமினல் ஆபீஸ், ஏழு மாதம். அதைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. மாலை ஏழு மணிக்குமேல் அந்த அறையில் தனியாக இருக்க முடியாத நிலை வந்தது, விலகினேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாததால் வராண்டா தானாகவே ஒரு காரணத்தை எழுதிக்கொண்டது: நிலையில்லாதவள். பெண் ஜூனியர்கள் ஆபீஸ் மாறுவதைப் பார்த்து அவசரப்பட்டு முடிவுக்கு வரும் ஒவ்வொருவரும் இந்தச் சாத்தியத்தை முதலில் நினைக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி விலகுவதால் வரும் தொழில் நஷ்டத்தை, தப்பே செய்யாதவர்தான் சுமக்கிறார்.

2013-ல் ஒரு லா ஃபர்மில் சேர்ந்தேன். அங்கே எல்லாமே தலைகீழ். சம்பளம் என்ற சொல் இல்லை, ரீடெய்னர். 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு 40,000 சொச்சம் கைக்கு வந்தது. முதல் மாதமே அப்பாவுக்குப் பணம் அனுப்பினேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வேறு ஃபர்முக்குப் போவது அங்கே யாருக்கும் உறுத்துவதில்லை. மாறினால்தான் சம்பளம் ஏறும் என்றே பேசிக்கொள்வார்கள். முப்பது வருஷத்து மூலப் பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் வைத்துக்கொண்டு சொத்து யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் டைட்டில் ரிப்போர்ட் எழுதினேன். வேலை சுத்தமாக இருந்தது. அங்கேயும் ஆறேழு வருஷம் ஆனதும் கேள்வி மாறிவிடுகிறது என்பதை மேலே இருந்தவர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பார்ட்னர் ஆக்கும் பேச்சு வரும்போது, எத்தனை ஒப்பந்தம் எழுதினாய் என்று கேட்பதில்லை. எந்த கிளையன்ட் உன்னை நம்பி வருவார் என்று கேட்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு வருஷங்கள் வேண்டும், அதுவும் ஒரே இடத்தில்.

சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு கோப்பு என் மேசைக்கு வந்தது. அதில் எங்கள் ஃபர்மின் கட்சிக்காரர் யாரென்று பார்த்தால், ரிட் ஆபீஸில் நான் கவுன்ட்டர், அதாவது பதில் மனு, எழுதிய ஒரு வழக்கின் எதிர்த்தரப்பு. அதே பிரச்சினையின் அடுத்த கட்டம். ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவரோ மனு எழுதியவரோ அதே விவகாரத்தில் மறுதரப்புக்கு நிற்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. பார்ட்னரிடம் போய்ச் சொன்னேன்; கோப்பை உடனே என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். நான் பழைய ஆபீஸில் கேட்டதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. அதை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமை வேலை முடிந்த பிறகும் தொடரும் என்று 1872-ன் சாட்சியச் சட்டமே சொல்லியிருந்தது. அதன் இடத்தில் வந்த புதிய சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஐந்து ஆபீஸ் மாறினால் ஐந்து ஆபீஸின் ரகசியங்களை வாழ்நாள் முழுதும் சுமக்க வேண்டும். அடிக்கடி மாறுகிற இளையவர்கள் இந்தச் சுமையைப் பற்றி யோசிப்பதே இல்லை. பழைய ஆபீஸில் பார்த்த மனுவின் மாதிரியைப் பென் டிரைவில் கொண்டுவருவதை எல்லோரும் செய்கிறார்கள். அந்த மாதிரிக்குள் யாருடைய விவாகரத்தோ, யாருடைய கடனோ பெயரோடு கிடக்கும்.

2015 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு உற்பத்தி நிறுவனத்தில் லீகல் மேனேஜர் வேலை. அப்பாவுக்கு பைபாஸ் செய்ய வேண்டியிருந்தது. நிறுவனத்தில் குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கும்வரை பிராக்டீஸ் செய்யக் கூடாது என்பது விதி 49. பார் கவுன்சிலுக்கு எழுதிக்கொடுத்து பிராக்டீஸை சஸ்பெண்ட் செய்துகொண்டேன். ஒரு படிவம், ஒரு கையெழுத்து, பத்து நிமிஷ வேலை.

அதன் எடை மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் கம்பெனி வழக்கு ஒன்று உயர் நீதிமன்றத்தில் வந்தது. கோட்டு இல்லாமல், நெக் பேண்ட் இல்லாமல், சுடிதாரில் கடைசி வரிசையில் கட்சிக்காரராக உட்கார்ந்திருந்தேன். எங்கள் வக்கீல் ஒரு தேதியைத் தவறாகச் சொன்னார். சரியான தேதி எனக்குத் தெரியும், எழுந்து சொல்லும் உரிமை எனக்கு இல்லை. துண்டுச் சீட்டில் எழுதி முன்வரிசைக்குக் கடத்திவிட்டேன். அந்தச் சீட்டு ஆறு கை மாறிப் போய்ச் சேர்வதற்குள் வழக்கைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அன்று பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேரும்வரை அழுகையை அடக்கிக்கொண்டு வந்தேன். நிறுவனச் சட்ட அதிகாரி சட்டத்தின் கண்ணில் வக்கீல் இல்லை என்பதை அன்றே உடம்பு தெரிந்துகொண்டது. 2025 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், நிறுவனத்தின் முழுநேரச் சட்ட ஊழியருக்கு, சாட்சியச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு வக்கீலுக்குத் தரும் ரகசியப் பாதுகாப்பு கிடையாது என்று சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அப்பா உடம்பு தேறியது. 2018 கடைசியில் வேலையை விட்டேன். 2019 பிப்ரவரியில் பிராக்டீஸைத் திரும்பத் தொடங்கினேன். அந்த மாதம்தான் உயர் நீதிமன்ற மெட்ரோ ஸ்டேஷன் திறந்தது. பத்து வருஷத்துக்கு முன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து இறங்கிய பாரிமுனையில் இப்போது தரைக்கடியிலிருந்து ஏறி வந்தேன், புதிதாக என்ரோல் ஆனவளைப்போல. ஆர்மேனியன் தெருவில் இரண்டு பேரோடு சேர்ந்து ஓர் அறை. முதல் ஆறு மாதத்தில் நான்கு வழக்கு. கட்சிக்காரர்கள் வக்கீலைத் தேடி வருவதைவிட, அவரைப் பார்த்த வாசலைத் தேடித்தான் வருகிறார்கள். எனக்கு வாசல் இல்லை. கொஞ்சம் நிமிர்ந்தபோது 2020 மார்ச்சில் கோர்ட்டே மூடியது.

நான் மாறியதில் எனக்குக் கிடைத்ததையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். ஒப்பந்தத்தை அது எழுதப்பட்ட மேசையிலிருந்து பார்த்தவள் நான். ஆலையில் ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் எப்படிக் கைமாறுகிறது, யார் எந்த மின்னஞ்சலை ஏன் தாமதிக்கிறார் என்று தெரியும். இன்று என்னிடம் வரும் சிறு சப்ளையர்களின் பாக்கி வழக்குகளில் அந்த மூன்று வருஷம் எனக்குச் சோறு போடுகிறது. குறுக்கு விசாரணையில் கம்பெனி அதிகாரியிடம் என்ன கேட்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே ஆபீஸில் நின்றிருந்தால் இது கிடைத்திருக்காது. கடலூர்க்காரரே சில சமயம் போன் செய்து கேட்கிறார்.

ஆனால் சட்டம் வைத்திருக்கும் கணக்கு வேறு. 2023-ல் மாவட்ட நீதிபதி நேரடி நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று பார்த்தேன். அரசியலமைப்பின் 233(2) ஏழு வருஷம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும் என்கிறது. வேலைக்குப் போவதற்கு முன் ஆறு வருஷம், வந்தபின் நான்கு. ஆறும் நாலும் பத்து. ஆனால் 2013-ல் தீபக் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த ஏழையும் விண்ணப்பிக்கும் தேதிவரை தொடர்ச்சியான ஏழாகப் படித்திருக்கிறது. என் முதல் ஆறும் கணக்கில் வராது. 2025 அக்டோபரில் அரசியல் சாசன அமர்வு, கீழமை நீதிபதியாக இருந்த வருஷங்களையும் வக்கீலாக இருந்த வருஷங்களையும் சேர்த்து ஏழாக எண்ணலாம் என்று வழி திறந்தது. கம்பெனியில் இருந்த வருஷங்களுக்கு அந்த வழி இல்லை. ஆபீஸ் விட்டு ஆபீஸ் மாறியதை இந்தச் சட்டம் பொருட்படுத்துவதே இல்லை. நான் குற்ற உணர்வோடு சுமந்த மூன்று மாற்றங்களும் அங்கே ஒன்றுமில்லை. பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு படிவம்தான் ஆறு வருஷத்தைத் தின்றது. ஜூனியர்கள் என்னிடம் "மேடம், மாறலாமா?" என்று கேட்கும்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: ஆபீஸ் மாறுகிறாயா, பிராக்டீஸை விடுகிறாயா? இரண்டும் ஒரே வலியாகத் தெரியும். விளைவு ஒன்றல்ல.

இத்தனையும் கணக்குப் பார்க்கவைத்தது என் ஜூனியர். போன ஜூன் கோர்ட் திறந்ததும் வந்து சேர்ந்தாள். இரண்டரை வருஷத்தில் நான்கு ஆபீஸ். 2025 மே 20-ல் உச்ச நீதிமன்றம் சிவில் நீதிபதித் தேர்வுக்கு மறுபடி மூன்று வருஷ பிராக்டீஸைக் கட்டாயமாக்கியது. பத்து வருஷ அனுபவமுள்ள வக்கீல் ஒருவர் சான்று தர வேண்டும், மாவட்டத் தலைமை நீதிபதி மேலொப்பம் இட வேண்டும். அவளுக்குத் தேர்வு எழுத ஆசை. இரண்டு ஆபீஸ்களில் சான்று கேட்டபோது, "நீ இருந்ததே ஞாபகமில்லையே" என்றார்களாம். ஐந்து மாதம் அங்கே ஜெராக்ஸ் எடுத்திருக்கிறாள்.

ஏன் மாறினாய் என்று அவளிடம் நான் கேட்கவில்லை. "எந்த வழக்கையாவது முழுசாப் பாத்திருக்கியாம்மா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். என் இடைவெளியைக் கழித்தாலும் பத்துக்குமேல் இருக்கிறது, சான்று தரும் தகுதி எனக்கு உண்டு. அவள் என்னோடு வேலை பார்த்த நாட்களுக்கு நான் கையெழுத்துப் போடுவேன். மற்ற ஆபீஸ்களில் அவள் ஆஜரான வழக்குகளின் ஆர்டர் காப்பிகளை இ-கோர்ட்ஸில் தேடித் தேடி இறக்கிக்கொண்டிருக்கிறோம். அவளுக்கு 18,000 தருகிறேன். 20,000 தர வேண்டும், வரும் ஜனவரியில் அதையும் சரிசெய்துவிடுவேன்.

அவள் வந்த முதல் நாள் புது வழக்கு எதையும் தரவில்லை. 2012-ல் இன்னொருவர் போட்டு, டிக்ரியாகி, கைமாறி என்னிடம் வந்த சொத்தைக் கைக்கு மீட்கும் ஒரு சுவாதீன வழக்கின் இ.பி. கட்டைக் கொடுத்தேன். பிளைண்ட்டிலிருந்து படித்து வரச்சொன்னேன். மூன்று நாள் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு, 2016-ல் சாட்சி சொன்ன ஒருவரின் வாக்குமூலத்தில் நான் கவனிக்காத ஒரு சர்வே நம்பர் பிழையைக் காட்டினாள். அதைத் திருத்த மனுப் போட்டோம்.

வருகிற வியாழக்கிழமை, டிக்ரியை நிறைவேற்றும் கோர்ட் ஊழியரான அமீனாவோடு ஸ்தலத்துக்குப் போகிறோம். கட்சிக்காரருக்கு எழுபத்தைந்து வயது. பூட்டை அவர் கையாலேயே திறக்கவிட வேண்டும் என்று அவள் ஏற்கெனவே அமீனாவிடம் பேசி வைத்திருக்கிறாள். சொத்தை இப்படி ஒப்படைக்கும் டெலிவரி ஒன்றை அவள் இதுவரை பார்த்ததில்லை. எனக்கு இது இரண்டாவது.